முதல் வாதியின் மூக்கு

செவ்வாய்க்கிழமை காலை மீன் ஏலத்தில் நிற்கும்போது அமலோற்பவத்துக்கு மூக்கு திரும்பி வந்தது.

ஐந்து வருஷமாகக் காணாமல் போயிருந்த மூக்கு. சொல்லாமல் கொள்ளாமல் போனது, சொல்லாமல் கொள்ளாமலே வந்து நின்றது. முதலில் ஐஸ் பெட்டியின் ஈர மரவாடை. பிறகு டீசல். அதற்கும் பிறகு, கல்யாண வீட்டில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வரும் சொந்தக்காரன் மாதிரி, ஊளி மீனின் வாடை.

"யக்கா, என்ன மரமா நிக்கீய? ஏலம் போவுது பாருங்க" என்றாள் சிசிலியாள். பக்கத்துக் கூடைக்காரி, பக்கத்து வீட்டுக்காரியும் அவள்தான்.

"ஒண்ணுமில்லட்டி. மீனைப் பாத்தேன்."

"பாத்துக்கிட்டே இருந்தா அது உங்களப் பாத்துச் சிரிக்கும். வெலயச் சொல்லுங்க."

அமலோற்பவம் ஓர் ஊளியின் செவுளைத் தூக்கிக் குனிந்து முகர்ந்தாள். நேற்றைய மீன். ஏலக்காரன் இன்றைய மீன் என்று தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தான். அவள் கை தானாக அதை இடப்பக்கம் தள்ளியது. மணவாளத்துறை மீன்காரிகள் நாள்பட்ட மீனை நல்ல மீனோடு ஒட்டவிட மாட்டார்கள். இடப்பக்கம் ஒதுக்கிவிடுவார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் கையைத் தட்டித் தட்டிப் பழக்கியது. இருபத்தெட்டு வருஷம் ஆகிவிட்டது.

தள்ளிய பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. வெள்ளிக்கிழமை கோர்ட்டில் சோதனை. அவள் மூக்கு வேலை செய்யவில்லை என்று நீதிபதி முன்னால் காட்ட வேண்டும்.

ஏலம் முடிந்து குடியிருப்புக்குத் திரும்பியவள் தெருமுனையில் கூடையை இறக்கிவைத்து நின்றாள். ஆலைப் பக்கமிருந்து காற்று வந்தது. மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தாள். உப்பு. பாசி. யாரோ கருவாடு சுடுகிற வாடை. வேறு ஒன்றும் இல்லை. ஆலைக்காரன் சொன்னது பொய்யில்லைதான் என்று நினைத்துக்கொண்டாள். நாற்றம் நின்று ஒன்பது வருஷம் என்று வருஷா வருஷம் லட்டு கொடுக்கிறானே, அது சும்மா இல்லை.

சிசிலியாளிடம் சொல்லவில்லை. பஸ் ஏறினாள்.

வக்கீல் கோமதிநாயகத்தின் அலுவலகம் நாற்பது கிலோமீட்டர் தள்ளி, ஜில்லாத் தலைநகரில், ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்தது. அவருக்கு முழங்கால் சரியில்லை. அதனால் அவர் கட்சிக்காரர்களிடம் போவது கிடையாது, கட்சிக்காரர்கள்தான் படி ஏறி வருவார்கள். மணவாளத்துறையை அவர் படத்தில்தான் பார்த்திருக்கிறார்.

"வாங்கம்மா. வெள்ளிக்கிழமைக்கு இன்னைக்கேவா? உக்காருங்க."

அமலோற்பவம் உட்காரவில்லை. "சார், முழங்காலுக்குத் தைலம் போட்டிருக்கியளா?"

"மூணு வருஷமாத் தினமும்தான் போடுதேன்" என்று சொல்லிக்கொண்டே காகிதத்தைப் புரட்டியவர், பாதியில் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க இன்னைக்குத்தான் கேக்கிய."

"ஆமா சார்."

"எப்போ வந்துச்சு?"

"காலையில. ஏலத்துல."

"உங்களுக்கு மட்டுமா?"

"சிசிலியாளுக்கு இல்ல. அவ கூடையில ரெண்டு கெட்ட மீன் கெடக்கு, தெரியாமத் தூக்கிட்டுப் போறா."

கோமதிநாயகம் எழுந்து, நொண்டிக்கொண்டே போய் ஜன்னலைச் சாத்தினார். சாத்த வேண்டிய காரணம் எதுவும் இல்லை. யோசிப்பதற்கு அவருக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டும்.

"தப்பு என் மேலதான். இப்படிச் செய்வானுங்கன்னு நான் யோசிச்சிருக்கணும்."

"யாரு சார்?"

"வேற யாரு? உங்க மூக்குக்குள்ள இருக்கே அந்த அரிசி, அதுக்குச் சாவி யாருகிட்ட இருக்கு?"

மூக்கரிசி என்பது ஊர் வைத்த பெயர். மென்காற்று நிறுவனம் அதற்கு ஏதோ பெரிய பெயர் வைத்திருந்தது, யார் வாயிலும் நுழையவில்லை. அரிசி மணி அளவு இருக்கும். மூக்கின் மேல்தட்டில் வைத்தால் நரம்போடு ஒட்டி வளர்ந்துவிடும். நாற்றம் என்று அதற்குச் சொல்லிவைத்ததை எல்லாம் மூளைக்குப் போகாமல் அணைத்துவிடும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், பழைய பேட்டரிகளைக் கரைக்கும் ஆலை ஊரில் வந்து, நாற்றம் தாங்காமல் ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்தபோது, ஆலைதான் செலவை ஏற்று எட்டாயிரத்து நானூறு பேருக்கும் வைத்துவிட்டது. ஜனங்கள் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். மூன்று வருஷம் கழித்துப் புதுப் புகைபோக்கி வைத்தாயிற்று, நாற்றமே இல்லை என்று ஆலை அறிவித்தது. அரிசியை மட்டும் எடுக்க முடியவில்லை. எடுத்தால் நரம்பும் கூட வரும்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால்தான் அந்த நாற்றப் பட்டியல் மாறியது. பெருநகரங்களில், மாடி வீடுகளில் இருந்த வாடிக்கையாளர்களிடம் எதெல்லாம் நாற்றம் என்று நிறுவனம் ஓட்டுக் கேட்டது. மீன் என்றார்கள். கருவாடு, வியர்வை, புகை, மண்ணெண்ணெய், டீசல், தைலம், சாணி, கேஸ் என்றார்கள். ஒரு நாள் காலையில் காற்று வழியாகப் புதுப் பட்டியல் எல்லா அரிசிக்கும் போய்ச் சேர்ந்தது. மணவாளத்துறையில் மீன் வாடை அன்றோடு போயிற்று. அடுத்த மாதம் சிசிலியாள் வீட்டில் கேஸ் கசிந்தது தெரியாமல் அடுப்பைப் பற்றவைத்தாள். அவளுடைய வலது கை இப்போதும் சுருங்கித்தான் இருக்கிறது.

"எனக்கு வந்தது நல்லதுதானே சார்? ஒரு ஆளுக்கு வந்துட்டுன்னா எல்லாருக்கும் குடுக்க முடியும்னுதானே அர்த்தம்?"

"குடுக்க முடியும். குடுக்க மாட்டான். ஒருத்தருக்குக் குடுத்தா அது கருணை. எட்டாயிரம் பேருக்குக் கோர்ட் சொல்லிக் குடுத்தா அது குத்தத்தை ஒத்துக்கிட்ட மாதிரி. இன்னும் முப்பத்தொம்பது ஊர்ல இந்த அரிசி இருக்கு. எல்லாவனும் தீர்ப்பைத் தூக்கிக்கிட்டு வருவான்."

"அதுக்கு என் மூக்கை எதுக்குத் தொறக்கணும்?"

கோமதிநாயகம் உட்கார்ந்தார். "நீங்க யாரு?"

"என்ன சார் இது?"

"சொல்லுங்க. வழக்குல நீங்க யாரு?"

"முதல் வாதி."

"எட்டாயிரம் பேரைக் கூண்டுல ஏத்த முடியாது. ஒருத்தர் ஏறணும். அவரு பட்டதுதான் மத்தவங்க பட்டதும்னு கோர்ட் எடுத்துக்கிடும். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு. அந்தச் சோறு நீங்க. இப்போ இந்தச் சோறு வெந்து போச்சு. வெந்த சோத்தைக் கையில வச்சுக்கிட்டு, பானை வேகலைன்னு எப்படிம்மா சொல்ல முடியும்?"

அமலோற்பவம் இப்போது உட்கார்ந்தாள்.

"வெள்ளிக்கிழமை உங்களுக்கு மோப்பம் வருதுன்னு தெரிஞ்சா, காயமே இல்லாத ஆளுக்கு என்ன வழக்குன்னு அவங்க வக்கீலம்மா கேப்பா. தள்ளுபடி. நாலு வருஷம் பஸ் ஏறி இறங்கினதெல்லாம் கடல்ல கரைச்ச பெருங்காயம்."

"தெரியாட்டா?"

கோமதிநாயகம் கண்ணாடியை மாட்டினார். மேஜைமேல் இருந்த வழக்குக் கட்டைத் தட்டிச் சரியாக அடுக்கினார். அதன் கடைசிப் பக்கத்தில் அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதிய பட்டியல் இருந்தது. எந்தெந்த வாடை வரவில்லை என்று மூன்று நாள் உட்கார்ந்து யோசித்துச் சொன்னாள். மீன், கருவாடு, கேஸ், புகை, புளித்த மாவு, கெட்ட பால், பிள்ளையின் மூத்திரத்துணி. இருபத்து மூன்று. ஊர்க்கூட்டத்தில் வாசித்தபோது எல்லாரும் கை தட்டினார்கள்.

"பொய் சொல்லுங்கன்னு நான் சொல்லக் கூடாது" என்றார் கோமதிநாயகம்.

"நீங்க சொல்லலியே சார்."

"சொல்லலை."

பஸ் நிறுத்தத்தில் இறங்கியபோது மென்காற்று நிறுவனத்தின் நீலக் கூண்டு திறந்திருந்தது. வெளியூர்க்காரர்கள் இறங்கினால் மூக்கில் இரண்டு சொட்டு விடுவார்கள், அரிசி வைத்தபிறகு ஊரில் பிறந்த பிள்ளைகளுக்கும் அதேதான். 'விருந்தினருக்கு இலவசம். உப்புக்காற்று ஒவ்வாமைக்கு' என்று பலகை. உள்ளே இருந்த பெண் ஒரு புது மருமகளின் தலையைச் சாய்த்துச் சொட்டு விட்டுக்கொண்டிருந்தாள்.

கூண்டுக்குப் பக்கத்து டீக்கடையில் சவரிராயன் உட்கார்ந்திருந்தான். செத்துப்போன அவள் புருஷனின் தம்பி, உப்பு லாரி ஓட்டுகிறவன். இரண்டு வருஷமாக அவள் வாசலை மிதிக்கவில்லை. நேரில் பார்த்தால் மட்டும் வாய் சும்மா இருக்காது.

"என்ன மைனி, ஊர் மூக்கெல்லாம் பத்திரமா?"

"உன் மூக்கைத் தவிர எல்லாம் பத்திரம், கொழுந்தனாரே."

"என் மூக்கு என் மூஞ்சியில இருக்கு. உன் பையில இல்லல்லா."

டீக்கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். கூட்டு வழக்கில் சேர விருப்பமில்லாதவர்கள் படிவம் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம் என்று சட்டம். எட்டாயிரத்து நானூறு பேரில் பதினேழு பேர் விலகினார்கள். படிவம் கேட்டு முதலில் கை நீட்டியது சவரிராயன். ஊரே அவனை ஆலைக்காரன் ஆள் என்றது.

"இவ்வளவு நாள் கேக்கல, இப்போ கேக்கேன்" என்றாள் அமலோற்பவம். "உனக்கும்தானே வாடை வரல. சேந்து நின்னா என்ன கொறஞ்சா போவ?"

"எனக்குப் பதிலா நீ பேச, நான் ஊமையா?"

"ஊருக்கெல்லாம் சேத்துத்தானே பேசுதேன்."

"அதைத்தான் சொல்லுதேன். நீ கேக்கிறதுதான் எனக்கும் கெடைக்கும். நீ கேக்க மறந்தது? அது எனக்கும் போச்சு, என் பிள்ளைக்கும் போச்சு."

"என்னத்த மறந்தேன்? சொல்லு, சேத்துடுதேன்."

"எனக்கு என்ன தெரியும்? நான் என்ன வாதியா?" சிரிக்கப் போனவனுக்கு இருமல் வந்துவிட்டது. டீக் கிளாஸை வைத்துவிட்டு வெகுநேரம் இருமினான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மணவாளத்துறையில் எல்லாருக்கும்தான் இருமல். உப்புக்காற்று.

வெள்ளிக்கிழமை கோர்ட்டில் கூட்டம். இரண்டு பஸ் நிறைய ஊர் வந்திருந்தது. சிசிலியாள் முதல் பெஞ்சில், சுருங்கிய கையை முந்தானையால் மூடாமல் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யக்கா, பயப்படாதிய. வரலைன்னா வரலைன்னு சொல்லப்போறிய. இதுல என்ன இருக்கு?"

"ஆமாட்டி. இதுல என்ன இருக்கு."

கோர்ட் நியமித்த டாக்டர் அவள் கண்ணைக் கட்டினார். கறுப்பு வண்ணம் பூசிய குப்பிகள், மூடியில் சிறு துளைகள். தொட்டால் தெரியாது, பார்த்தாலும் தெரியாது. முகர்ந்தால்தான் உண்டு. ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தார்.

"இது?"

"மல்லி." மல்லியை அரிசி தடுக்காது. உண்மையைச் சொல்ல ஒன்றாவது கிடைத்தது.

"இது?"

மண்ணெண்ணெய். மண்டைக்குள் ஏறியது. "வரலைங்க."

"இது?"

கருவாடு. வாயில் எச்சில் ஊறியது. விழுங்கினாள். "வரலைங்க."

கடைசியாக ஐந்து குப்பிகள். நிறுவனத்தின் வக்கீல் ரேவதி பத்மநாபன் எழுந்தாள். குரலில் கோபமே இல்லாதவள். "ஒவ்வொண்ணா முகர்ந்து பாத்து மேஜையில வச்சிருங்கம்மா. அவசரமில்ல."

அமலோற்பவம் முகர்ந்தாள். சாளை மீன். வரலைங்க. சாளை. வரலைங்க. ஐந்தையும் முடித்தாள். ஐந்து தடவையும் குரல் நடுங்கவில்லை. தனக்கே ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு சுலபமா?

"கட்டை அவுத்துரலாம் டாக்டர்" என்றாள் ரேவதி பத்மநாபன்.

கட்டை அவிழ்த்தார்கள். மேஜையில் நாலு குப்பிகள் அவள் வலப்பக்கம் வரிசையாக நின்றன. மீதி ஒன்று மட்டும் ஒரு முழம் தள்ளி, இடப்பக்கம், மேஜை விளிம்பில்.

"அதை மட்டும் ஏம்மா தள்ளி வச்சீங்க?"

அமலோற்பவம் பார்த்தாள். எப்போது வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கோர்ட்டில் இருந்த மற்றவர்களுக்கும் அது ஒன்றுமில்லாத விஷயம்தான். ஆனால் ஊர் வந்திருந்ததே. பெஞ்சில் இருந்த அத்தனை மீன்காரிகளும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள்.

டாக்டர் தாளைப் பார்த்தார். "மூணாவது குப்பி. அதுல இருந்தது மட்டும் நாலு நாள் மீன்."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். நரைத்த மனிதர், காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. "பொய் சொன்னீங்களாம்மா?"

"ஆமாங்கய்யா."

"எதுக்கு?"

"வாய் சொல்லிச்சு, கை கேக்கலை."

"நான் கேட்டது அது இல்ல."

"என் மூக்கு செவ்வாய்க்கிழமை வந்துச்சுங்கய்யா. நான் கேக்கலை. எனக்கு மட்டும் வந்துச்சு. எனக்கு வந்துட்டுன்னு சொன்னா இவங்களுக்கு வராமப் போயிரும்னாங்க. அதான்."

நீதிபதி நிறுவனத்தின் பக்கம் திரும்பினார். "செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது?"

"வழக்கமான புதுப்பிப்புதான், மை லார்ட்" என்றாள் ரேவதி பத்மநாபன்.

"எத்தனை பேருக்கு?"

அவள் தாளைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தாள். "ஒருவருக்கு, மை லார்ட்."

கோர்ட் சிரித்து அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று.

நீதிபதி அவளைத் தண்டிக்கவில்லை, எச்சரித்தார். வழக்கைத் தள்ளவும் இல்லை. காயம் ஆறியவர் முதல் வாதியாக இருக்க முடியாது, வேறொருவரை நிறுத்தலாம் என்றார். கோமதிநாயகம் அங்கேயே சிசிலியாளின் பெயரைச் சொன்னார்.

திங்கட்கிழமை விடிந்தபோது சிசிலியாள் முற்றத்தில் நின்று கத்தினாள். "யக்கா! உங்க வீட்டுப் பால் தீயுது!"

சிசிலியாளுக்குப் பதில் ஒரு வலை பின்னுகிறவரை நிறுத்தினார்கள். அவருக்கும் வந்தது. அடுத்தது ஒரு ஸ்கூல் ஆயா. அவளுக்கும் வந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் முதல் வாதியாக நிற்க ஆள் கேட்டபோது, கோர்ட்டா, பஸ் செலவா, போலீசா என்று ஊரே தலையைக் குனிந்தது. இப்போது அமலோற்பவத்தின் வாசலில் ரேஷன் கடை மாதிரி வரிசை.

"யக்கா, அடுத்து என்ன நிறுத்துங்க."

"எம் பொண்ணு மாசமா இருக்கா, அவளுக்கு மொதல்ல."

"நான் உங்க ஞானஸ்நானத் தாய்க்கு ஒண்ணுவிட்ட பேத்தி, மறந்துட்டியளா?"

கோமதிநாயகம் போனில் புலம்பினார். "பதினஞ்சு நாளைக்கு ஒரு வாய்தா. வாய்தாவுக்கு ஒரு மூக்கு. கணக்குப் போட்டுப் பாத்தியளா? உங்க பேரனுக்குப் பேரன் காலத்துலயும் முடியாது."

"ஒரு வாய்தாவுக்கு ஒரு ஆளைத்தான் நிறுத்தணும்னு இருக்கா சார்?"

மறுபுறம் புத்தகம் புரட்டுகிற சத்தம். பிறகு அவர் மெதுவாக வாசித்தார். "'ஒருவரோ, ஒருவருக்கு மேற்பட்டோரோ' ன்னு இருக்கும்மா."

"மேற்பட்டோர்னா எத்தனை?"

"எத்தனைன்னு இல்ல."

அடுத்த வாய்தாவில் முதல் வாதிகள் எட்டாயிரம் பேருக்கு மேல். அவர்கள் பெயரை மட்டும் வாசிக்க ஒரு நாள் ஆகும் என்று குமாஸ்தா முறையிட்டார். நிறுவனம் எல்லாருக்கும் மூக்கைத் திறந்தால் ஊர் கேட்டது கிடைத்துவிட்டது. ஒருவருக்கும் திறக்காவிட்டால் வழக்கு நடக்கும், தீர்ப்பு வரும், முப்பத்தொன்பது ஊர் வரும். ரேவதி பத்மநாபன் பத்து நாள் அவகாசம் கேட்டாள். பத்தாவது நாள் சமாதானத்துக்கு வந்தார்கள்.

நிறுவனம் எதிர்பார்த்ததைவிடப் பணிவாக இருந்தது. வழக்குக் கட்டின் கடைசிப் பக்கத்தை எடுத்து, அமலோற்பவம் சொன்ன பட்டியலை வரி வரியாக வாசித்தார்கள். மீன், தருகிறோம். கருவாடு, தருகிறோம். கேஸ், தருகிறோம். இருபத்து மூன்றும் தருகிறோம். இந்த அரிசியைப் பற்றி நிறுவனத்தின் மேலோ, அதற்குச் செலவு செய்த இரண்டாம் பிரதிவாதியான ஆலையின் மேலோ இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று வழக்கில் உள்ள எட்டாயிரத்து முன்னூற்று எண்பத்து மூன்று பேரும் கையெழுத்துப் போட்டால் போதும்.

"எங்க யக்கா ஒண்ணுகூட விடல பாத்தியளா" என்று சொல்லிக்கொண்டே சிசிலியாள் சுருங்கிய கையால் கையெழுத்துப் போட்டாள். அமலோற்பவமும் போட்டாள்.

ஊர் ஒரு வாரம் மூக்கும் கையுமாக அலைந்தது. பிள்ளைகள் கருவாட்டு வாடையில் முகத்தைச் சுளித்தார்கள், கிழவிகள் ஆட்டுக்குட்டியை மடியில் வைத்து மோந்து பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சந்தியாகப்பர் கோயிலில் ஊர் சேர்ந்து அசன விருந்து போட்டது. வக்கீல் வந்தே ஆக வேண்டும் என்று அமலோற்பவம் பிடிவாதம் பிடித்தாள். கோமதிநாயகம் முழங்காலைத் தூக்கிக்கொண்டு, மைத்துனன் காரில், முதல் தடவையாக மணவாளத்துறைக்கு வந்தார். காரில் வந்ததால் பஸ் நிறுத்தத்துக் கூண்டில் நிற்கவில்லை. நின்றாலும் சொட்டு விட்டிருக்க மாட்டார். எதிர்க்கட்சிக்காரன் வீட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காத ஆள்.

கோயில் வாசலில் கார்க் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தவர், உள்ளே இழுத்துக்கொண்டார். வேஷ்டி நுனியால் மூக்கைப் பொத்தினார்.

"என்னம்மா இது? என்ன செத்துக் கெடக்கு இங்க?"

அமலோற்பவம் சிரித்தாள். "மீன் வாடை சார். நீங்க சைவம், ஒங்களுக்கு அப்படித்தான் இருக்கும்."

"மீன் எனக்குத் தெரியும்மா. முப்பது வருஷமா கடக்கரை கேசு பாக்கேன். இது மீன் இல்ல." கண்ணில் தண்ணீர் வந்தது அவருக்கு. "அழுகின முட்டை… பித்தளையக் காச்சின மாதிரி… தொண்டையப் பிடிக்குதே. எப்படிம்மா உக்காந்து சோறு திங்கிய?"

இருமினார். அவர் இருமியதும், பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் பழகிய ஆள் வந்த மாதிரி நகர்ந்து இடம் கொடுத்தார்கள். "உப்புக்காத்து சார், ரெண்டு நாள்ல பழகிரும்" என்றது ஒரு குரல். குழந்தைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. நடுநடுவே இருமிக்கொண்டும்.

அமலோற்பவம் மூச்சை இழுத்தாள். உப்பு. பாசி. ஆட்டுக்கறிக் குழம்பு. நன்றாக இழுத்தாள். வேறு ஒன்றும் இல்லை.

அவள் முகத்தைக் கோமதிநாயகம் பார்த்தார். அவர் முகத்தை அவள் பார்த்தாள்.

"சார், நான் சொன்ன பட்டியல்ல…"

"இருபத்து மூணு."

"ஆலை நாத்தம் நின்னுபோச்சுன்னு நெனச்சேன் சார். லட்டு குடுத்தான். மூக்கு வந்த அன்னைக்கே தெருமுனையில நின்னு மோந்து பாத்தேன். இல்லைன்னு நானே எம் மனசுக்குச் சொல்லிக்கிட்டேன்."

"அந்த ஒண்ணை மட்டும் தொறக்கலை" என்றார் அவர். "நீங்க கேக்கலை. அவன் குடுக்கலை."

"இப்போ கேப்போம்."

அவர் கார் சீட்டில் சாய்ந்தார். "ஊருக்காக நீங்க கேட்டாச்சு, ஊரு வாங்கியாச்சு. இனி கோரிக்கை இல்லைன்னு எழுதியும் குடுத்தாச்சு. ஆலைக்கும் சேத்துத்தான். அதுக்குத்தான் அவ்வளவு பணிவா வந்திருக்கானுங்க. நானும் தாளைப் பாத்தேனே ஒழிய ஊரைப் பாக்கலை."

"அப்போ யாருமே கேக்க முடியாதா?"

"வழக்குல இருந்த யாரும் முடியாது."

அவள் பந்தியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "வழக்குல சேராம வெலகிக்கிட்ட பதினேழு பேரு?"

கோமதிநாயகம் மூக்கிலிருந்து வேஷ்டியை எடுத்தார்.

சவரிராயன் வீடு தெருவில் கடைசி. அதற்கப்புறம் ஆலையின் சுவர்தான். அசனச் சோற்றை ஒரு தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு அவள் போனபோது, அவன் தரையில் உட்கார்ந்து தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தான்.

"யாரு? மைனியா? வழி தவறி வந்திட்டியோ?"

அவள் குனிந்து குழம்புச் சட்டியை எடுத்தாள். அவள் கை அதை இடப்பக்கம் தள்ளி வைத்தது.

"ஏன்?"

"கெட்டுப்போச்சு."

"எனக்குத் தெரியலையே."

"அதான் வந்தேன்."

தூக்குவாளியைத் திறந்து அவன் தட்டில் சோற்றைப் போட்டாள். போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான். ஒரு இடத்திலும் 'நான் அன்னைக்கே சொன்னேன்' என்று சொல்லவில்லை. அது அவளுக்கு அவன் சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

"அன்னைக்கே உனக்குத் தெரியுமா சவரி? இதைத்தான் மறந்தேன்னு?"

"சத்தியமா இல்ல. எனக்கும் மறந்துதான் போச்சு. நீ எனக்காகப் பேசுறது எனக்குப் பிடிக்கல, அவ்வளவுதான்."

"இப்போ நீ பேசணும். முதல் வாதியா."

"பதினாறு பேருக்காக நானா? அவனுங்க என்ன ஊமையா?" சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தி, "அது எப்படி நாறும் மைனி?" என்று கேட்டான்.

"தெரியாது."

"தெரியாததுக்கு எப்படி வழக்குப் போடுறது?"

"வக்கீலு மூக்கைப் பொத்துனாரு. அவரு சாட்சி சொல்லுவாரு."

"நிறுத்தின மறுநாளே எனக்கும் மீன் வாடையக் குடுத்து அனுப்பிருவானே."

"குடுப்பான். அதோட நிக்காத."

அவன் கை கழுவி வந்து, மகளின் பள்ளி நோட்டையும் பேனாவையும் எடுத்து வைத்துக்கொண்டான். ஒன்று என்று எண் போட்டான். போட்டுவிட்டு அவளைப் பார்த்தான்.

"நானும் ஒண்ணை மறந்துட்டா?"

அவள் சொல்ல வாயெடுப்பதற்குள் அவனுக்கு இருமல் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினான். உள்ளே மகள் இருமினாள். அமலோற்பவம் காத்திருந்தாள்.

"இந்த இருமல் உனக்கு எத்தனை வருஷமா?"

"எது? இதா?" அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இது உப்புக்காத்து மைனி."

"எழுது" என்றாள் அவள். "முதல்ல அதை எழுது."